அறுபதடித் தெரு

பாலத்தின் மேல் முதல் எஞ்சின் ஓடிய அன்று முகாமிலிருந்த இருநூறு குடும்பமும் ஆற்றங்கரையில் திரண்டு நின்றது. அச்சுக்காரி மட்டும் போகவில்லை. மண் குழிக்குள் முழங்கால் வரை களிமண்ணில் நின்றுகொண்டிருந்தாள். எஞ்சின் ஊதுகிற சத்தமும் ஜனங்கள் கூவுகிற சத்தமும் குழிக்குள் வந்து விழுந்தன. அவள் ஒரு பிடி மண்ணை அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கயிறாகத் திரித்து, ஆள்காட்டி விரலில் சுற்றிப் பார்த்தாள். விரிசல் விடவில்லை. இன்னும் ஆழத்தில் தோண்டி எடுத்ததையும் திரித்துப் பார்த்தாள். அதுவும் விரிசல் விடவில்லை. அப்புறம்தான் மேலே ஏறி வந்தாள்.

பாலம் கட்டுகிற கம்பெனி எந்த ஆற்றுக்குப் போனாலும் கூடவே போகிற குடும்பம் அவளுடையது. தூண்களுக்கு வேண்டிய செங்கலை அங்கங்கே உள்ள மண்ணிலேயே அறுத்துச் சுடுவார்கள். கல் அறுப்பது அவள் வேலை. மர அச்சில் மண்ணை அடித்து, வழித்து, தட்டிக் கவிழ்த்தால் பச்சைக்கல் விளிம்பு மடங்காமல் நிற்கும். ஒரு நாளைக்கு ஆயிரம் கல் அறுப்பாள். அதனால்தான் அச்சுக்காரி என்று பெயர். சுடுவது அவள் புருஷன் வேலை. அவரைச் சூளைக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கூடவே சூளைக்காரரின் அக்கா இருந்தாள். கல்யாணமான இரண்டாம் வருஷமே தாலி அறுத்துத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். பொங்கிப் போடுவதும் மூட்டை கட்டுவதும் அவள் பொறுப்பு. அவள் கட்டிய மூட்டை நூறு மைல் வண்டியில் குலுங்கினாலும் உள்ளே ஒரு மண்சட்டி கீறாது. பதினாலு வருஷத்தில் ஒன்பது ஆறு, ஒன்பது மூட்டை. அச்சுக்காரியின் மூத்த பெண் மூன்றாவது பாலத்தில் பிறந்தாள், சின்னவள் ஆறாவதில்.

அன்று சாயங்காலம் கொட்டகை வாசலில் உட்கார்ந்து சுட்ட மீனும் பருப்புக் கஞ்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சூளைக்காரர் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"இன்னும் பத்து நாள்ல கெளம்பணும்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. அடுத்த ஆறு இதவிடப் பெருசாம். பதினாறு தூணு. என்னைத் தலைமைச் சூளைக்காரனா போடறாங்களாம், தெரியுமா?"

"நல்லதுங்க. போயிட்டு வாங்க."

"போயிட்டு வாங்கன்னா? நீ?"

"நான் வரலீங்க."

அக்காவின் கையில் இருந்த கரண்டி சட்டிக்கு மேலேயே நின்றுவிட்டது. சூளைக்காரர் மீன் முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நான் இங்கயே இருக்கப் போறேன். இங்க ஒரு ஊரு வரப் போகுது."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நாந்தான் சொல்றேன்."

அக்கா கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். "கேட்டியா தம்பி. உன் பொண்டாட்டி ஊரு உண்டாக்கப் போறாளாம். ஏண்டி, நீ என்ன ராஜாவா?"

"ராஜா உண்டாக்கினாருன்னுதான் எழுதி வைப்பாங்க அண்ணி. கல்லு எவளோ ஒருத்திதான் அறுத்திருப்பா."

சின்னவளுக்கு என்ன புரிந்ததோ, கஞ்சி வாயோடு சிரித்தாள். சூளைக்காரருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"இங்க என்னம்மா இருக்கு? முள்ளுக்காடு. ரயிலு கூட நிக்காது. ஸ்டேஷன் பன்னண்டு மைல் தள்ளி வருதுன்னு உனக்கும் தெரியும்."

"ரயிலு நிக்காட்டி போகுது. ஆளு நிப்பான். பாலத்து ஓரத்துல நடக்கப் பலகை போட்டிருக்காங்கல்ல? இனிமே ஆத்தைத் தாண்டறவன் அத்தனை பேரும் இங்கதான் ஏறணும், இங்கதான் எறங்கணும். மூணு வண்டித்தடம் இங்க வந்து சேருது. போன வருஷ வெள்ளத்துல அக்கரை முழுக்க முழுகிச்சு. இந்த மேட்டுல ஒரு சொட்டுத் தண்ணி ஏறல. நான் குச்சி நட்டு வெச்சுப் பாத்தேன். மண்ணு எப்படின்னு நான் சொல்ல வேண்டியதில்ல, உங்களுக்கே தெரியும். ஒன்பது ஆத்துல இந்த மாதிரி மண்ணு பாத்தோமா?"

"பாக்கல," என்று ஒப்புக்கொண்டார் அவர்.

"இன்னொண்ணு சொல்றேன். அன்னிக்கு மருந்து குடுக்க வந்தவரு நம்ம மூத்தவளப் பாத்து நீ எந்த ஊரும்மான்னு கேட்டாரு. இவ என்ன சொன்னா தெரியுமா? மூணாவது பாலம்னு சொன்னா. அவரு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அப்புறம் உள்ள போய் அழுதேன்."

மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். பத்து வயதுப் பெண்.

சூளைக்காரர் கை கழுவிவிட்டு வந்து வெகுநேரம் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "மேஸ்திரிக்கு வாக்குக் குடுத்துட்டேன்," என்றார்.

"வாக்குக் குடுத்தா போகத்தான் வேணும். போகாதீங்கன்னு நான் சொன்னேனா?"

"மழைக்கு முன்னால வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

"வாங்க. வந்து பாருங்க."

மறுநாள் காலையில் அவள் ஓவர்சியரைப் பார்க்கப் போனாள். அவர் மண்வெட்டிகளை எண்ணி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கடைசியாகச் சுட்ட சூளை அப்படியே நின்றது, அறுபதாயிரம் கல். ஒரு தூண் வேண்டாம் என்று ஆகிவிட்டதால் யாரும் அதைப் பிரிக்கவில்லை.

"ஐயா, அந்தச் சூளைய என்ன செய்யப் போறீங்க?"

"என்ன செய்யறது? ஏத்திட்டுப் போனா மாடு செத்துரும். கெடக்கட்டும்."

"கெடக்கறத நான் எடுத்துக்கலாமா?"

"எடுத்து?"

"ஊரு கட்டறதுக்கு."

ஓவர்சியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. வெயிலில் நின்று நின்று சலித்துப் போயிருந்தார், அவ்வளவுதான். "அம்மா, ஊருன்னா சர்க்கார் வரைபடத்துல இருக்கணும். இந்த எடத்துல வரைபடத்துல ஆறு மட்டும்தான் இருக்கு."

"நீங்க வர்றதுக்கு முன்னாடி பாலமும்தான் இல்ல. கட்டின அப்புறம் போட்டுக்கலையா?"

அவர் சிரித்துவிட்டார். பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து, சூளையைக் கம்பெனி கைவிட்டது, அச்சுக்காரி எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "அந்த மேடு யாருக்கும் சொந்தமில்லாத பொறம்போக்கு. யாராவது கேட்டா என் பேரைச் சொல்லாதீங்க," என்று சொல்லி, அளவு நூல்கயிறு ஒரு கண்டும் கொடுத்தார்.

அந்தக் கயிற்றை வைத்துக்கொண்டு அவள் செய்த முதல் காரியத்தைப் பார்த்து முகாமே சிரித்தது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டவில்லை. அடுப்பு கட்டவில்லை. பாலத்தடியிலிருந்து மேடு முடிகிற இடம் வரை தெருவுக்குக் கயிறு பிடித்தாள்.

ஒரு பக்கக் கயிறு கட்டியாயிற்று. எதிர்ப்பக்கம் எவ்வளவு தள்ளிக் கட்டுவது என்பதுதான் கேள்வி. வண்டிக்காரரைக் கூப்பிட்டாள். அவர் முகாமுக்குத் தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றி வருகிறவர், வாய்க்கொழுப்பு அதிகம், மனசு வெள்ளை.

"அண்ணே, வண்டில முழுப் பாரம் ஏத்திக்கிட்டு வாங்க. பின்னால ஒரு அடி கூடப் போகாம, மாட்டை அடிக்காம, ஒரே வீச்சுல திருப்பணும்."

"எதுக்கு?"

"திருப்புங்களேன்."

அவர் திருப்பினார். சக்கரம் போன வழியில் மூத்தவள் குச்சி நட்டுக்கொண்டே ஓடினாள். நாற்பதடி ஆயிற்று.

"இப்ப ரெண்டு பக்கமும் கடை வாசல்ல ஆளுக்கொரு வண்டி நிக்குதுன்னு வெச்சுக்கோங்க."

"கடையே இல்ல, அதுக்கு வாசலு, அந்த வாசல்ல வண்டி!" என்றார் வண்டிக்காரர். "நீ என்னம்மா, குதிரை வாங்கறதுக்கு முன்னாடி லாயத்துல கொசு வந்துருச்சுங்கற!"

"பக்கத்துக்குப் பத்தடி. மொத்தம் அறுபது."

நாத்தனாருக்குத்தான் பொறுக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். "அகலக்கால் வைக்காதடின்னு பெரியவங்க சொன்னாங்க. நீ அகலத் தெருவே வைக்கிற! இந்தப் பக்கத்து வீட்டுக்காரி அந்தப் பக்கத்து வீட்டுக்காரியோட சண்டை போடணும்னா தொண்டை கிழிஞ்சிருமே!"

"அதுக்கும் சேத்துத்தான் அண்ணி."

இன்றைக்கு அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் பேருந்து நின்றால்கூட நடுவே லாரி ஒன்று திரும்பிப் போகிறது. அன்றைக்கு அங்கே ஓடியது ஓணான்தான்.

சூளையில் உள்ள கல் யாருக்கு வேண்டுமானாலும் தருவேன், ஆனால் முன்சுவர் கயிற்றை ஒட்டி நிற்க வேண்டும், அரை விரல் தாண்டினாலும் ஒரு கல் கிடையாது என்று கொட்டகை கொட்டகையாகப் போய்ச் சொன்னாள். பலர் சிரித்தார்கள். ஏழு குடும்பம் சிரிக்கவில்லை. வண்டிக்காரர் இருந்தார். காலில் அடிபட்டு இனிப் பாலத்தில் ஏற முடியாத கொத்தனார் ஒருவர் இருந்தார். பாலம் வந்ததால் பிழைப்புப் போன தோணிக்காரர், "உங்க பாலம் என் சோத்துல மண்ணைப் போட்டுச்சு. அந்த மண்ணுலயே ஒரு வீடு கட்டிக் குடுங்க," என்று வந்தார். மற்றவர்களும் ஏதோ ஒரு காரணத்தால் மூட்டை கட்ட அலுத்தவர்கள்.

பத்தாம் நாள் முகாம் கிளம்பியது. கொட்டகைகளின் கீற்றெல்லாம் வண்டிகளில் ஏறியது. நேற்று வரை ஜனம் நிறைந்திருந்த இடத்தில் அடுப்புக் கரியும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. சூளைக்காரர் வண்டியில் ஏறாமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "மண்ணை நல்லா மிதிக்கச் சொல்லு," என்றார்.

"சரிங்க."

"தண்ணி கொதிக்க வெச்சுக் குடிங்க."

"சரிங்க. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க."

அக்கா தம்பியோடு போவதாகத்தான் ஏற்பாடு. "இவ ஊரைக் கட்டிக்கட்டும், நான் எந் தம்பிக்குப் பொங்கிப் போடறேன்," என்று சொல்லி மூட்டைமேல் உட்கார்ந்து போனவள், உச்சிப்பொழுதில் தனியாக, தலையில் மூட்டையும் கையில் கரண்டியுமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். வியர்வையில் முகம் பளபளத்தது.

"என்ன அண்ணி?"

"என்ன என்ன? அங்க நூறு பேருக்குச் சேத்துப் பொங்கறாங்களாம். எந் தம்பி நல்லாத் திம்பான். இங்க நீ அறுக்கற வேகத்துல அடுப்புப் பத்தவைக்க மறந்துட்டு ரெண்டு புள்ளைங்களையும் காயப் போடுவ. நகரு, உலை வைக்கணும்."

அவள் திரும்பி வந்ததற்குக் காரணம் அது இல்லை என்று அச்சுக்காரிக்குத் தெரியும். கேட்கவில்லை. சில பேரிடம் கேட்டால் போய்விடுவார்கள்.

அந்தக் கோடை முழுக்க வேலை. காலைக் கருக்கலில் எல்லோரும் சேர்ந்து மண் மிதிப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் ஐந்நூறு கல் அறுத்துவிடுவார்கள். அப்புறம் வீட்டு வேலை. கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி வரிசையில் நின்று தருவார்கள். சுவர் ஒவ்வொரு வரியாக ஏறும். மத்தியானக் காற்று அடித்தால் செம்மண் புழுதி கஞ்சிக்குள் விழும். "இன்னிக்கு மசாலா கொஞ்சம் தூக்கல்," என்பார் தோணிக்காரர். நூல் நகராமல் பார்த்துக்கொள்வது மூத்தவளின் வேலை. கயிற்றை மிதித்தால் பெரியவர்களைக்கூட அதட்டுவாள். பாலம் தாண்டி வந்த சில பேர் நிழலுக்கு ஒதுங்கினார்கள், தண்ணீர் கேட்டார்கள். அதில் ஐந்து குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது.

அப்போதுதான் அந்தச் சங்கடம் வந்தது. அச்சுக்காரியின் சொந்த வீடு மார்பளவு எழுந்திருந்தது. அவள் மண் குழியிலேயே கிடந்ததால் அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் பாலத்தடியில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தெருவை நீளப் பார்த்தவள், திடுக்கிட்டாள். வரிசையில் ஒரே ஒரு சுவர் துருத்திக்கொண்டு நின்றது.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "அங்க அடியில ஒரு பாறைம்மா. அதை ஒடைக்கணும்னா நாலு நாளாகும். ரெண்டு சாண் முன்னால தள்ளிக்கிட்டேன்."

"ரெண்டு சாணா?"

"உன் வீடுதானேம்மா. யாரு கேக்கப் போறா?"

"அதனாலதாண்ணே."

அவளே கடப்பாரையை எடுத்தாள். முதல் கல் விழுந்த சத்தத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள். மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அவள் மேல் வரியிலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து, மண்ணைத் தட்டி, அடுக்கி வைத்தாள். உடம்பெல்லாம் புழுதி. நாத்தனார் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பைத்தியக்காரி, பைத்தியக்காரி," என்று சொல்லிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்று கல்லை வாங்கி அடுக்கத் தொடங்கினாள். அடுத்த நாள் பாறையை உடைக்க ஏழு வீட்டு ஆட்களும் வந்து நின்றார்கள். நாலு நாள் வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. தன் வீட்டுக்கு முன்னால் மாட்டுக்கொட்டகை இழுப்பதற்காக வண்டிக்காரர் நட்டு வைத்திருந்த இரண்டு முளைகளை, அவரே சத்தமில்லாமல் பிடுங்கிப் பின்பக்கம் கொண்டுபோய் நட்டார். அதற்கப்புறம் கயிற்றைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் வழக்குப் பேசவில்லை.

ஆனால் கல் தீர்ந்துவிட்டது. புதிதாய் வந்த ஐந்து குடும்பத்துக்கும் அவளுக்கும் சேர்த்து முப்பதாயிரம் பச்சைக்கல் அறுத்துக் காயவைத்திருந்தார்கள். மேற்கே தினமும் மேகம் கூடிக் கூடிக் கலைந்தது. ஒரு நல்ல மழை அடித்தால் முப்பதாயிரமும் கரைந்து மறுபடி குழி மண்ணாகிவிடும். சுடுவதற்கு ஆள் இல்லை. சூளை கொளுத்துவது எல்லோருக்கும் வருகிற வேலை அல்ல. தீ முந்தினால் கல் வெடிக்கும், பிந்தினால் பாதி வேகாது.

அச்சுக்காரி அன்று முதன்முதலாகத் தளர்ந்து போனாள். காய்ந்த கல் வரிசைக்கு நடுவே உட்கார்ந்து, "அவரு இருந்திருக்கலாம்," என்றாள்.

"எதுக்கு?" என்றாள் நாத்தனார்.

"கொளுத்தறதுக்கு."

"நான் கொளுத்தறேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா? எங்கப்பனுக்குக் கடைசி நாலு வருஷம் கண்ணு தெரியல. பக்கத்துல நின்னு தீயோட நிறத்தச் சொன்னது யாருன்னு நெனச்ச? அவரு போன அப்புறம் உன் புருஷனுக்குக் கத்துக் குடுத்தது யாருன்னு நெனச்ச? பொம்பளை தீ வெச்சான்னு சொன்னா கம்பெனிக்காரன் வேலை குடுக்க மாட்டான். தம்பிக்கும் கௌரவம் கொறையும். அதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

அச்சுக்காரி அவளையே பார்த்தாள். "பதினாலு வருஷத்துல நீங்க வாய மூடிக்கிட்டு இருந்த ஒரே விஷயம் அதுதான் அண்ணி."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

மறுநாளே சூளை அடுக்கினார்கள். எங்கே இடைவெளி விடுவது, எங்கே விறகு வாய் வைப்பது என்று நாத்தனார் கரண்டியால் காட்டிக் காட்டிச் சொன்னாள். தீ வைத்ததும் வெள்ளைப் புகை எழுந்தது. "அது புகை இல்ல, கல்லு விடற தண்ணி. அவசரப்படாதீங்க. அழற புள்ளைய அழவிட்டுத்தான் தூங்கப் பண்ணணும்," என்றாள். புகை கருத்து, மெலிந்து, கண்ணாடி போல ஆயிற்று. ஆறாம் நாள் சூளையின் தலை ஒரு சாண் இறங்கியிருந்தது. அவள் குனிந்து விறகு வாய்க்குள் பார்த்து, "போதும். வாய அடைங்க," என்றாள். அடைத்து மேலே மண் பூசிய மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. சூட்டின் மேல் விழுந்த மழை ஆவியாகி, தெருவே வெந்நீர் வைத்த குளியலறை மாதிரி ஆகிவிட்டது. சின்னவள் அதில் ஓடி ஓடிக் குதித்தாள். ஓலைக்கு அடியில் உட்கார்ந்து எல்லோரும் பொறுமையாக ஆறக் காத்திருந்தார்கள்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில் சூளையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, பழைய வண்டித்தடம் வழியாக ஒரு காலி வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் சூளைக்காரர். மெலிந்திருந்தார். தெரு முனையில் மாட்டைப் பிடித்து நிறுத்தி, இரண்டு பக்கமும் நேராக ஓடிய சுவர்களைப் பார்த்தார். ஒரு வீட்டிலிருந்து வேகிற வெங்காய வாசனை வந்தது. இறங்கி நடந்து வந்து, சூளையிலிருந்து இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். வெண்கல மணி போலச் சத்தம் வந்தது. அடியிலிருந்து இன்னும் இரண்டை உருவித் தட்டினார். அதே சத்தம்.

"யாரு கொளுத்தினது?"

"ஏன், கொறை எதுவும் இருக்கா?" என்றாள் அக்கா.

அவர் அக்காவைப் பார்த்தார். அச்சுக்காரியைப் பார்த்தார். விஷயம் வெளியே வந்துவிட்டது என்று புரிந்தது. காது மடல் சிவந்தது. "கொறை இல்லக்கா. நான் சுட்டதவிட நல்லா வெந்திருக்கு."

"இருக்காதா பின்ன?"

அச்சுக்காரி மண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு காலி வண்டியைப் பார்த்தாள். அது எதற்கு வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மூத்தவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். சூளைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அந்த நேரத்தில் பாலத்துப் பலகையிலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்தது. முன்னால் வந்தவர் தலையில் தையல் மெஷின். பின்னால் அவர் மனைவி, மாதம் நிறைந்த வயிறு. தெருவைப் பார்த்து மலைத்து நின்றவர், மெஷினைத் தலையிலிருந்து இறக்காமலே கேட்டார்.

"ஐயா, இந்த ஊர்ல ஒரு தையக்காரனுக்குப் பொழப்பு கெடைக்குமா?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியாள் ஒருவன் வாயிலிருந்து 'ஊர்' என்ற வார்த்தை வருவது அதுதான் முதல் தடவை. கொத்தனார் கையில் இருந்த கல்லை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

பதில் சொன்னது சூளைக்காரர்தான்.

"தாராளமா கெடைக்கும். எங்க ஊர்ல தையக்காரரே இல்ல."

சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிஷம் திகைத்தார். அப்புறம் தையல்காரரின் தலையிலிருந்து மெஷினைக் கைகொடுத்து இறக்கினார். அச்சுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்தப் பொண்ணு நிக்குது பாருங்க, உக்கார ஒரு எடம் காட்டுங்க," என்று யாரையோ அதட்டினாள். குரல் மட்டும் அதட்டல். நாத்தனார் ஏற்கெனவே அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துத் தன் அடுப்படிக்கு நடத்திக்கொண்டிருந்தாள்.

"வந்ததும் வராததுமா வேல ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார் வண்டிக்காரர். "அது சரி, இந்தக் காலி வண்டிய எதுக்குண்ணே ஓட்டிக்கிட்டு வந்தீங்க?"

சூளைக்காரர் மேல்துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். பிரித்த சூளையிலிருந்து பத்துப் பத்தாகக் கல்லை எடுத்து வண்டியில் அடுக்க ஆரம்பித்தார்.

"கல்லு ஏத்தத்தான்."